பின்னி மில் கதையை நாவலாக எழுதுகிறேன், நாடகமாகவும் கேட்கிறார்கள்: என்ன செய்யலாம்?

கேள்வி:

வணக்கம் அக்கா. நான் வியாசர்பாடியில் இருக்கிறேன், வயது 33. துறைமுகச் சரக்கு நிறுவனம் ஒன்றில் கணக்கு வேலை. சாயங்காலங்களில் ஒரு நாடகக் குழுவில் நடிக்கிறேன். 1921 பின்னி மில் வேலைநிறுத்தத்தை வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன், பாதி முடிந்திருக்கிறது. எங்கள் இயக்குநர் வருகிற ஏப்ரல் 27, சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய நாளன்று போட, அதையே நாடகமாக எழுதித் தரச் சொல்கிறார். மேடையில் சொல்லிவிட்டால் அப்புறம் நாவல் எழுத வராது, ரெண்டு படகுல கால் வைக்காதே என்கிறார் பதிப்பாளர் நண்பர் ஒருவர். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இயக்குநருக்கு இது தொழிலாளர் ஒற்றுமையின் வீரக்கதை. என் ஆயா, அவருடைய அம்மா சொல்லக் கேட்டு எனக்குச் சொன்னதோ, புளியந்தோப்பில் எங்கள் சனங்களின் குடிசைகள் எரிந்த கதை. எங்கள் வீட்டு ஆண்கள் அந்த வேலைநிறுத்தத்தில் சேரவில்லை. எழுதினால் இரண்டு பக்கமும் திட்டுவார்களோ என்று பயமாக இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுதலாமா என்றும் யோசிக்கிறேன். வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

பதிப்பாளர் நண்பரின் கவலைக்குப் பதில் சொல்வது சுலபம். வேலையை விடுவது பற்றியும் சொல்கிறேன். ஆனால் இயக்குநரோடு உள்ள சிக்கல் தீராமல் நாடகமும் நகராது, நாவலும் நகராது. அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் ஆயா சொன்னது நடந்தது. 1921 ஜூனில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் மூண்ட வேலைநிறுத்தம் அக்டோபர் வரை இழுத்தது. சாதி இந்துத் தொழிலாளர்களும் முஸ்லிம் தொழிலாளர்களும் வெளியே நின்றார்கள். உங்கள் சனங்களான ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். அந்த ஜூன் மாதக் கடைசியிலேயே புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. இயக்குநர் மனதில் இருப்பதும் நடந்ததுதான். ஆகஸ்ட் கடைசியில் போலீஸ் சுட்டது, ஆட்கள் செத்தார்கள். அதற்கு முன்பே 1920 டிசம்பரில் ஒரு துப்பாக்கிச் சூடு நடந்து அதிலும் உயிர் போயிருந்தது. இவ்வளவும் பெரம்பூருக்கும் புளியந்தோப்புக்கும் இடையிலான அதே சில தெருக்களில், ஒரு வருடத்துக்குள் நடந்து முடிந்தவை.

இதில் ஒன்றைச் சொல்வதற்காக இன்னொன்றை மறைக்கிற நாடகத்தை நீங்கள் எழுதக் கூடாது. உங்கள் குடும்பம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மறைத்தால் அந்த வருடமே புரியாமல் போய்விடும். முதலாளியும் அரசும் இவ்வளவு பெரிய சங்கத்தை எப்படி உடைக்க முடிந்தது என்ற கேள்விக்கு, எரிந்த குடிசைகளைப் பேசாமல் பதில் சொல்ல வழியில்லை. இயக்குநர் உண்மையிலேயே தொழிலாளர் ஒற்றுமையை நேசிக்கிறவர் என்றால், அது எங்கே உடைந்தது என்று காட்டும் நாடகம் அவருக்குத்தான் முதலில் தேவைப்படும். அவரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். ஒத்திகை தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நடுவில் சொன்னால் அது உங்கள் இருவருக்குமான சண்டையாகிவிடும், நடிகர்கள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து நிற்பார்கள்.

உங்கள் வீட்டு ஆண்கள் ஏன் சேரவில்லை? நாவல் தன் முழு பலத்தையும் இந்தக் கேள்விக்குக் கொடுக்க வேண்டும். அரசு அறிக்கைகளைப் படித்தால் அவர்கள் விசுவாசமான தொழிலாளர்கள். எதிர்ப் பக்கத்துப் பேச்சில் அவர்கள் கருங்காலிகள். இரண்டிலுமே ஆள் இல்லை, முத்திரைதான் இருக்கிறது. 1918 முதல் அடுத்தடுத்து வந்த கதவடைப்புகளில் அந்தக் குடும்பங்கள் எப்படிச் சாப்பிட்டன, கடன் யார் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுக்கவில்லை, சங்கக் கூட்டத்தில் அவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள், அவர்கள் பேச்சை யார் கேட்டார்கள் என்று தேடிப் போங்கள். ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா, அந்தத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்தில் சேர வேண்டாம் என்றார். அன்று மாகாணத்தை ஆண்ட, ராஜாவும் இருந்த நீதிக்கட்சியின் தலைவர்கள் ஆதிதிராவிடர் மீதும், அவர்களுக்காக அரசு வைத்திருந்த தொழிலாளர் துறை மீதும் பழி போட்டபோது ராஜா எதிர்த்து நின்றார், பிறகு கட்சியை விட்டே போனார். வடசென்னைத் தெருவில் எரிந்த நெருப்பு மாகாண அரசியலையே மாற்றியிருக்கிறது. இதை எழுதும் இடத்தில் பிறந்தவர் நீங்கள். பயம் இருக்கத்தான் செய்யும், அதனால் கதையைச் சுருக்கிவிடாதீர்கள்.

அதே நேர்மை மறுபக்கத்துக்கும் வேண்டும். 1918-ல் சங்கம் பிறந்த கதை லேசுப்பட்டதல்ல. பெரம்பூர் பக்கம் வெங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்று சமயச் சொற்பொழிவு நடத்தும் சபை ஒன்று இருந்தது. அதை நடத்தியவர்களில் ஒருவரான செல்வபதி செட்டியாரின் கடைக்கு வரும் மில் ஆட்கள் தங்கள் குறைகளைச் சொல்வார்கள். அந்தப் பேச்சு வளர்ந்து, பி.பி. வாடியா தலைவராக, திரு.வி.க. போன்றவர்கள் துணை நிற்க, ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆனது. இந்தியாவின் ஆரம்பகாலத் தொழிற்சங்கங்களில் ஒன்று அது. மதியச் சோற்றுக்கு அரை மணி நேரம் போதவில்லை என்பது அவர்களுடைய முதல் குறைகளில் ஒன்று. வேலைநிறுத்தம் செய்தவன் வீட்டுப் பட்டினியை நீங்கள் உங்கள் வீட்டுப் பட்டினி போலவே எழுத வேண்டும். குடிசைக்குத் தீ வைத்தவனும் கதையில் ஒரு முழு மனிதனாக வர வேண்டும், அவனுக்கும் வீடு, பிள்ளை, கடன் எல்லாம் இருக்கும். அவனை மன்னிக்கச் சொல்லவில்லை, பக்கத்தில் போய்ப் பார்க்கச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் திட்டு வருமா என்று கேட்டீர்கள். வரலாம். இரண்டு பக்கத்தையும் இப்படி எழுதியிருந்தால் அந்தத் திட்டைத் தாங்கும் பலம் எழுத்துக்கு இருக்கும்.

சரி, மேடையில் சொன்னால் நாவல் போய்விடுமா? நான் பல ஆண்டுகளாக இரண்டையும் செய்துவருகிறேன். மேடை நாவலைத் தின்னாது. இரண்டுக்கும் ஒரே துண்டை வெட்டிக் கொடுத்தால்தான் ஆபத்து. நாவல் 1918-லிருந்து 1921 கடைசி வரை எடுத்துக்கொள்ளட்டும், தேவைப்பட்டால் 1996-ல் ஆலை மூடப்பட்டது வரைக்கும் கூட. நாடகத்துக்கு ஓர் இரவு போதும். ஒரு குடிசை வரிசை, ஒரு சந்து, ஜூன் மாதக் கடைசி இரவு, அதற்கு முன்னால் ஒரு மதியம். எழுபது எண்பது நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். ஒரே நடிகர் முதல் பாதியில் வேலைநிறுத்தக்காரராகவும் இரண்டாம் பாதியில் குடிசைக்காரராகவும் வரட்டும். வசனத்தில் விளக்க வேண்டியதெல்லாம் அந்த ஒரே உடம்பில் வந்துவிடும். நாவலில் இதைச் செய்ய முடியாது. நான்கு வருடம் மெல்லக் கசந்துபோகிற இரண்டு நண்பர்களை மேடையில் காட்ட முடியாது. இது உங்களுக்குத் தெளிவாகிவிட்டால் நண்பரின் கவலை தீர்ந்தது.

மேடை உங்களுக்கு இன்னொன்றும் தரும், அதை எந்த ஆவணக் காப்பகமும் தராது. சாப்பாட்டு இடைவேளைக் காட்சி ஒன்றை எழுதி ஒத்திகைக்குக் கொண்டுபோங்கள். நல்ல நடிகர் உடனே கேட்பார்: "அக்கா, நான் சோறு திங்கிறது கேட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? காலையில கையோட கொண்டாந்ததா, வீட்டுலேர்ந்து யாராவது எடுத்தாந்தாங்களா? பக்கத்துல குந்தியிருக்கிறவன் என் ஆளா, வேற சாதியா? அவன் சட்டியில நான் கை வைப்பனா?" இந்தக் கேள்விகள் வந்த பிறகு நீங்கள் திரும்ப ஆவணங்களுக்குப் போனால் வேறு கண்ணோடு படிப்பீர்கள். எழுத்தில் "தொழிலாளர்கள் உணவருந்தினர்" என்று ஒரு வரியில் தாண்டிவிடலாம். நடிகர் எங்காவது உட்கார்ந்தாக வேண்டும், அதனால் மேடையில் தாண்ட முடியாது. வரலாற்று நாவல் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு ஒத்திகை அறையில் கொஞ்ச காலம் இருக்க வேண்டும் என்று நான் நம்புவதற்குக் காரணம் இதுதான்.

நாடகக்காரர்கள் நாவலில் செய்யும் ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஆட்கள் வருவார்கள், பேசுவார்கள், ஒரு சூடான வசனத்தோடு போவார்கள். கைதட்டல் வாங்கும் இடத்தில் அத்தியாயம் முடியும். நடுவில் மழை பெய்யாது, துணி காயாது, யாருக்கும் உடம்பு நோகாது. உங்கள் கைப்பிரதியில் பேச்சே இல்லாத பக்கங்கள் எத்தனை என்று பாருங்கள். ஒன்றுமே இல்லையென்றால் நாடகம் அதற்குள் நுழைந்துவிட்டது என்று அர்த்தம். நாவலாசிரியர்கள் நாடகத்தில் செய்யும் தப்பு வேறு. "அண்ணே, போன 1918 ஏப்ரல் மாதம் வாடியா அவர்கள் தலைமையில் நம் சங்கம் உருவானதிலிருந்து..." என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்லுவார். கேட்கிறவருக்கு அது ஏற்கெனவே தெரியும். பார்வையாளருக்குத் தேதி தெரிந்தே ஆக வேண்டும் என்றால் ஒரு தண்டோராவை வையுங்கள், பாட்டை வையுங்கள். தெருக்கூத்தில் கதையை அறிவித்து நடத்திப்போகும் கட்டியங்காரன் இந்த வேலையை எவ்வளவு அழகாகச் செய்கிறார் என்று பாருங்கள். உங்கள் பக்கத்துத் திருவிழாக்களிலேயே கூத்து பார்த்திருப்பீர்கள்.

பேச்சு மொழி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இது உங்களைத் தடுக்கி விழவைக்கும் இடம். இன்றைக்கு வியாசர்பாடியில் பேசுவதை அப்படியே 1921-ல் போடாதீர்கள். சினிமா பழக்கிய மெட்ராஸ் பாஷையும் வேண்டாம். அந்தக் காலத்து எளிய சனங்களின் பேச்சுக்கு நெருக்கமாகப் போக நான் பார்த்த நல்ல வழி குஜிலிப் பதிப்புகள். ஜார்ஜ் டவுன் பக்கம் குஜிலி பஜாரில் காலணா, அரையணாவுக்கு விற்ற சின்னச் சின்னப் பாட்டுப் புத்தகங்கள் அவை. கொலை, வெள்ளம், ரயில் விபத்து என்று நடந்ததையெல்லாம் உடனுக்குடன் பாட்டாக்கி விற்பார்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேளுங்கள். வியாசர்பாடி ஜீவாவில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்தால் தரமணி. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இன்னும் பக்கம். அங்கே 1921-ன் அரசாணைகளும், தமிழ்ப் பத்திரிகைகளை அரசு மொழிபெயர்ப்பாளர்கள் வாராவாரம் சுருக்கித் தந்த அறிக்கைகளும் இருக்கின்றன. சங்கத் தரப்புக்குத் திரு.வி.க.வின் ‘வாழ்க்கைக் குறிப்புகள்’ படியுங்கள். அவர் நடத்திய நவசக்தியின் அந்த வருட இதழ்கள் எங்காவது கிடைத்தால் விடாதீர்கள். அரசு ஆவணத்தைப் படிக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள், அதை எழுதியவர் பெரும்பாலும் போலீஸ்காரர் அல்லது அவர் சொல்லக் கேட்ட அதிகாரி.

ஆயாவிடம் போய் "ஸ்ட்ரைக்குல என்ன நடந்துச்சு" என்று கேட்காதீர்கள். ஏற்கெனவே சொன்ன கதையையே திரும்பச் சொல்வார். அவருடைய அம்மா எந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தார், எதில் சமைத்தார், தீ வந்த இரவு எதை எடுத்துக்கொண்டு ஓடினார், திரும்பி வந்து எங்கே தங்கினார், மில் சங்கு ஊதினால் வீட்டில் யார் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். போனில் பதிவு செய்து, அன்றைக்கே தேதி போட்டு எழுதி வையுங்கள். இரண்டு தலைமுறை கடந்து வந்த நினைவில் வெவ்வேறு வருடங்கள் ஒன்றாகக் கலந்திருக்கும். அதை ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் ஆவணத்தில் இல்லை என்பதற்காக ஆயா சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். எந்தப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்று எந்த அதிகாரியும் எழுதிவைக்கப் போவதில்லை.

வேலையை விடலாமா என்றால், வேண்டாம். கணக்கு பார்க்கத் தெரிந்த உங்களுக்கு இது புரியும். தமிழில் எழுத்தாளருக்குப் பொதுவாக விலையில் 10 சதவீதம் ராயல்டி. 400 ரூபாய் புத்தகம் 500 பிரதி முழுக்க விற்றால் கையில் 20,000 ரூபாய். அதற்கு நீங்கள் போட்டது சில வருட உழைப்பு. நாடகத்திலோ பல நேரம் போக்குவரத்துச் செலவுக்கே தட்டுப்பாடு. பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல் தொழிலையும் பார்த்து, பிறகு நீதிபதியாகவும் இருந்துகொண்டுதான் பல நாடகங்களை எழுதி நடித்தார். சம்பளம் வரும்போது மட்டமான ஒரு பக்கத்தைக் கிழித்துப்போட தைரியம் இருக்கும். பதிப்பாளர் அவசரப்படுத்தினால் மறுக்கவும் முடியும். மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் ஜூனியர் ஃபெல்லோஷிப் 25 முதல் 40 வயது வரையிலானவர்களுக்கு இரண்டு வருடம் தரப்படுவது, அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள். பெங்களூரில் உள்ள இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் கலை ஆய்வுக்கு நல்கை தருகிறது. காப்பகங்கள் அலுவலக நேரத்தில்தான் திறந்திருக்கும், அதனால் உங்கள் விடுப்பையெல்லாம் அதற்கே சேர்த்து வையுங்கள். கல்யாணம் காட்சிக்கு எடுக்க வேண்டியதை வீட்டில் பேசி ஒப்புக்கொள்ள வையுங்கள்.

எங்கே போடுவது என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. ஒரு காலத்தில் நாடகம் பார்க்க ஊரே வால்டாக்ஸ் ரோட்டு ஒற்றைவாடைக் கொட்டகைக்கு வந்தது. இன்று சபாக்கள் எல்லாம் மயிலாப்பூர், தி.நகர் பக்கம். வடசென்னைக் கதையை வடசென்னைக்காரர்கள் அங்கே போய்ப் பார்க்க வேண்டியிருப்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. முதல் காட்சியை ஏப்ரல் 27 அன்று போடாதீர்கள். அதற்கு முன்பே புளியந்தோப்பில், அந்தத் தெருக்காரர்கள் மட்டும் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒரு நாள் போடுங்கள். ஒலிபெருக்கி வைப்பதாக இருந்தால் போலீஸ் அனுமதி வேண்டும், இரவு 10 மணிக்கு மேல் வைக்கக் கூடாது. முடிந்ததும் உட்கார்ந்து பேசுங்கள். பெரியவர்கள் குறுக்கே வந்து "அப்படி இல்லம்மா" என்பார்கள். அதை எழுதிக்கொள்ளுங்கள், நாவலுக்கும் அது வேண்டும். அதன் பிறகு சங்க நாளன்று போட்டால், அங்கே வரும் கேள்விகளை எதிர்கொள்ள குழுவே தயாராக இருக்கும்.

கடைசியாக ஒரு காகித வேலை. முதல் ஒத்திகைக்கு முன் இயக்குநரோடு ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். சங்கடப்படாதீர்கள், நட்பு கெடாமல் இருக்கத்தான் அது. நாடகப் பிரதி உங்களுடையது, குழுவுக்கு மேடையேற்றும் உரிமை மட்டும், இத்தனை ஆண்டுக்கு. அதே கதையை நாவலாக வெளியிட உங்களுக்குத் தடை இல்லை. ஒத்திகையில் நடிகர்கள் சேர்க்கும் வசனத்துக்கு அவர்கள் பெயர் போடப்படும், அதை நாவலில் எடுப்பதானால் அவர்களைக் கேட்டுத்தான் எடுப்பீர்கள். இவ்வளவு போதும். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை எழுத்து மூலம்தான் மாற்றிக்கொடுக்க முடியும். காலம் குறிப்பிடாமல் எழுதினால் 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே காலத்தை நீங்களே போடுங்கள்.

ஜனவரிக்குள் நாடகப் பிரதியை முடியுங்கள். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்று மாதமும் நாவலைத் தொடாதீர்கள். ஒத்திகையில் வரும் கேள்விகளுக்கு மட்டும் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். மே மாதம் அந்த நோட்டோடு நாவலுக்குத் திரும்புங்கள். அதற்கு முன் தீ வைக்கும் இரவு வரும் அத்தியாயத்தையும் அதற்கு முந்தைய அத்தியாயத்தையும் எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.